ரெண்டு ஸ்பூன் மிட்டாய் போடவும்!

இன்னிக்கு எபிசோடு ஒரு பக்-ல இருந்து ஆரம்பிக்குது. வேற யாரோடதும் இல்ல, நான் பண்ணதுதான்.

முதல் வேலையில ஒரு சமையல் ஆப். ஜப்பானிய ரெசிப்பியைக் கொரிய மொழிக்கு மாத்தணும். சர்க்கரைக்கு ஜப்பான்ல 'சாத்தோ'ன்னு பேரு. அதைச் சீன எழுத்துல எழுதினா ரெண்டு எழுத்து: மணல், இனிப்பு. அதே ரெண்டு எழுத்தைக் கொரியாவில் 'சாதாங்'னு படிப்பாங்க. எழுத்து ஒண்ணுன்னா அர்த்தமும் ஒண்ணுதானேன்னு மேப் பண்ணிட்டேன். கொரிய டெஸ்டர் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்ல இருந்தது இதுதான்: "ரெண்டு ஸ்பூன் மிட்டாய் போடவும்."

கொரியாவில் 'சாதாங்'னா மிட்டாய். சர்க்கரைக்கு அங்கே 'சொல்தாங்', அதாவது பனி போல வெள்ளையான இனிப்பு.

சரி, அந்த 'இனிப்பு' எழுத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். வலது பாதி உச்சரிப்புக்காக வந்தது; தாங் வம்சத்தோட பேரை எழுதுற அதே எழுத்து. இடது பாதி 'அரிசி'. கரும்புக்கு வர்ற எழுத்துல அரிசி எதுக்கு? ஏன்னா, சீனாவில் கரும்புச் சர்க்கரை பரவுறதுக்கு முன்னாடி இனிப்பு தானியத்துல இருந்துதான் வந்தது. வேகவெச்ச அரிசியில முளைகட்டின பார்லியைச் சேர்த்தா, மாவுச்சத்து மால்டோஸா மாறும். அதைக் காய்ச்சினா பாகு. கொரியாவோட 'யோத்' மிட்டாய் இன்னிக்கும் இந்த வழியில வர்றதுதான்.

கரும்புப் பாகு காய்ச்சும் வித்தையைக் கத்துக்க, தாங் பேரரசர் தாய்சோங் 647-ல மகதத்துக்கு ஆள் அனுப்பினதா சீன வரலாற்று நூல் சொல்லுது. வித்தை இங்கேயிருந்து அங்கே போச்சு. நாம இன்னிக்கு வெள்ளைச் சர்க்கரைக்குச் 'சீனி'ன்னு அந்த நாட்டுப் பேரைச் சொல்லிட்டிருக்கோம்!

சீனாவில் 'தாங்'னா சர்க்கரையும் அதுதான், மிட்டாயும் அதுதான். "உன் கல்யாண மிட்டாய் எப்போ?"ன்னு அங்கே கேட்டா, நம்ம ஊர்ல "கல்யாணச் சாப்பாடு எப்போ போடுவே?"ன்னு கேட்கிற மாதிரி. வியட்நாம் லத்தீன் எழுத்துக்கு மாறிடுச்சு. அந்த எழுத்து போயிடுச்சு, ஆனா சர்க்கரையைக் குறிக்கிற சொல்லுல சத்தம் மட்டும் தங்கிடுச்சு.

இதுவரைக்கும் சிரிச்சாச்சு. இப்போ சீரியஸான விஷயம். நீரிழிவுக்குச் சீனா, ஜப்பான், கொரியா மூணுலயும் ஒரே பேரு: சர்க்கரை, சிறுநீர், நோய். அதே எழுத்துதான் ஜப்பான்ல உணவுப் பாக்கெட் மேலயும் வரும். அங்கே ரெண்டு சொல் இருக்கு. 'தோருயி'ன்னா குளுக்கோஸ், சுக்ரோஸ் மாதிரி எளிய சர்க்கரைகள். 'தோஷித்சு'ன்னா மொத்த கார்போஹைட்ரேட்ல நார்ச்சத்தைக் கழிச்சது; மாவுச்சத்தும் அதுக்குள்ள அடக்கம். "தோருயி ஜீரோ"ன்னு போட்ட பாக்கெட்ல மாவுச்சத்து தாராளமா இருக்கலாம். சுகர் இருக்கிற அப்பாவைக் கூட்டிட்டு டோக்கியோ போனீங்கன்னா, அந்த முதல் எழுத்தோட நிறுத்திடாதீங்க, அடுத்த எழுத்தையும் பாருங்க.

என் பக்-கை எப்படிச் சரி பண்ணேன்? மேப்பிங்கைத் தூக்கிட்டு, ஒவ்வொரு சொல்லையும் அந்த மொழி பேசுறவங்ககிட்ட கேட்டுப் போட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு. மிட்டாய் போடாத குழம்புக்காக அது பரவாயில்ல. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!