ஏழு வாங்கியும் போதாத கதை

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் வேப்பனப்பள்ளிக்குப் பிரியும் இடம் குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊர். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இந்தப் பக்கத்தில் நர்சிங் முடித்த ஒரு பெண் பிரிட்டனில் வேலைக்குப் போக நினைத்தால், முதலில் ஆங்கிலத் தேர்வு ஒன்றைத் தாண்ட வேண்டும். அப்படி ஒரு தேர்வு ஐஇஎல்டிஎஸ்.

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 9 வரை மதிப்பெண், 'பேண்ட்' என்பார்கள். நான்கின் சராசரியே மொத்தம். சராசரி 6.25 வந்தால் 6.5 ஆகும், 6.75 வந்தால் 7. தாராளமான கணக்குத்தான்.

சிக்கல் வேறு இடத்தில். கேட்டலில் 8, வாசித்தலிலும் பேசுதலிலும் 7, எழுதுதலில் 6 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7. வீட்டில் லட்டு வாங்கிவிடுவார்கள்! பிரிட்டனின் செவிலியர் கவுன்சிலோ எழுதுதலில் 6.5, மற்ற மூன்றிலும் தலா 7 கேட்கிறது. மொத்தத்தை வைத்துக்கொண்டு அங்கே பேச முடியாது. 12 மாதத்துக்குள் எழுதிய இரு தேர்வுகளைச் சில நிபந்தனைகளோடு சேர்த்துக் காட்டலாம் என்பது மட்டும் ஆறுதல்.

எழுதுதல் ஏன் இப்படிக் காலை வாருகிறது? கேட்டலிலும் வாசித்தலிலும் தலா 40 கேள்விகள். சரியான விடைகளை எண்ணினால் முடிந்தது. எழுத்துக்கு அப்படி இல்லை. சந்தையில் ஆட்டைத் தடவிப் பார்த்து விலை சொல்வதுபோல், தேர்வாளர் படித்துப் பார்த்து மதிப்பிட வேண்டும். கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, சொல்வது கோவையாக இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என நான்கு அளவுகோல்கள். அதிலும் இரண்டாவது கட்டுரைக்கு முதலாவதைப்போல் இரு மடங்கு மதிப்பு. நேரத்தை முதல் கட்டுரையிலேயே தீர்த்துவிடுபவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

மருத்துவத் துறையினருக்கென்றே ஓஇடி என்ற தேர்வும் உண்டு. உச்சம் 500. செவிலியர் கவுன்சில் அதில் கேட்பது 350. எழுதுதலில் மட்டும் 300.

டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வின் கதை வேறு. 120 மதிப்பெண் அளவில் 94 முதல் 101 வரை வாங்கினால் ஐஇஎல்டிஎஸ் 7க்குச் சமம் என்று அதை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனம் அட்டவணை வெளியிட்டது. இரண்டு தேர்வையும் எழுதிய அதே ஆட்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது, ஆகவே உத்தேசம்தான். 2026 ஜனவரியில் டோஃபலே 1 முதல் 6 வரையிலான புது அளவுக்கு மாறியது. பயிற்சி மையத்துச் சுவரில் இன்னும் பழைய அட்டவணை தொங்கலாம்.

அதனால், கட்டணம் கட்டும் முன் சேரப்போகும் கவுன்சிலின் அல்லது பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில், எந்தத் தேர்வு, பிரிவுவாரியாக எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். மதிப்பெண் பொதுவாக 2 ஆண்டுகளே செல்லும். விண்ணப்பிக்கும் தேதியையும் கணக்குப் பார்த்தே தேர்வு தேதியைக் குறியுங்கள்.