பக்கத்து மனையில் பைல் இறக்கும்போது
(நன்கொடையாளர் கூட்டத்தில் பேசியது)



எங்கள் பழைய பிரசவ வார்டுக்கு 12 மீட்டர் தள்ளி, பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பப்போகிறது. அதற்குப் பைல் இறக்க வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவர் தாங்குமா என்று உங்களில் பலர் அக்கறையோடு கேட்டீர்கள்.

பயத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. தரை விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் அதிர்ந்தாலே மனிதருக்குத் தெரிந்துவிடும். சுவர் விரிசல் விட அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஜெர்மானியரின் டி.ஐ.என். 4150 விதிப்படி, அஸ்திவாரத்தில் அளந்தால், 10 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வில் சாதாரண வீட்டுக்கு 5 மி.மீ., நலிந்த பழங்கட்டடத்துக்கு 3 மி.மீ. வரை பாதகமில்லை. பிரிட்டிஷார் 1993-இல் வெளியிட்ட விதியோ 4 ஹெர்ட்ஸில் வீடுகளுக்கு 15 வரை இடம் கொடுக்கிறது. காண்டிராக்டர்கள் இதைத்தான் காட்டுவார்கள்! நாங்கள் 3-ஐயே பிடித்துக்கொண்டோம்.

அளவுக்குள் இருந்தாலும் ஓர் ஆபத்து உண்டு. அடியில் தளர்ந்த மணல் இருந்தால், தொடர்ந்த அதிர்வில் அது இறுகித் தாழும். அஸ்திவாரமும் கூடவே இறங்கும். ஆகவே முதலில் மண் பரிசோதனை. பிறகு, இப்போதுள்ள ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு புகைப்படம் எடுத்து, குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி வைக்கிறோம். வேலை தொடங்குமுன் இது நடக்காவிட்டால், பழைய விரிசல் எது, புதியது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

சம்மட்டியால் அடிக்காமல், துளையிட்டுக் கான்கிரீட் நிரப்பும் பைலுக்கு அதிர்வு மிகக் குறைவு, செலவு கூடலாம். அதையே மனைக்காரரிடம் கேட்டிருக்கிறோம். மறுத்தால், தூரத்து மூலையில் முதல் பைலை இறக்கி, வார்டுச் சுவரடியில் கருவி வைத்து அளந்த பிறகே அருகில் வரும்படி கேட்போம். அந்த நாட்களுக்காக, தாய்மாரை மேற்குக் கட்டடத்துக்கு மாற்றப் படுக்கைகள் தயாராகின்றன.