ஊதச் சொன்னால் என்ன செய்வது?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது)

தோழர்களே!

சென்ற மாதம் நம் தோழர் ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து மொபெட்டில் வீடு திரும்பினார். வழியில் போலீஸார் மறித்தனர். "வாடை வருகிறது. கேஸ் போட்டால் பத்தாயிரம். இங்கேயே முடித்தால் இரண்டாயிரம்" என்றார்கள். ஊதும் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. தோழர் குடித்திருந்ததோ இருமல் மருந்து! பயந்துபோய், அன்று வாங்கிய வாரக் கூலியை நீட்டிவிட்டு வந்தார். ரசீதும் இல்லை, கேஸும் இல்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அந்த வண்டியில் அடிபடுகிறவர்களும் ரோட்டோரம் நடந்து வேலைக்குப் போகிற நம் ஜனங்கள்தான். கடை வைத்து விற்பதும் சர்க்கார், ரோட்டில் பிடிப்பதும் சர்க்கார் என்ற வேடிக்கையை இன்னொரு நாள் பேசுவோம். சந்தேகப்பட்ட மாத்திரத்தில் ஒருவன் குற்றவாளி ஆகிவிடுவானா என்பதே இன்றைய கேள்வி.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 185-வது பிரிவு என்ன சொல்கிறது? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதாகச் சோதனையில் தெரிய வேண்டும். வாடை ஒரு அளவல்ல! மொபெட்டுக்கும் டிராக்டருக்கும் இது பொருந்தும். சைக்கிளுக்கும் மாட்டு வண்டிக்கும் இல்லை. 2019-ல் திருத்தியபின், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறு தடவைக்கு இரண்டு வருஷம், 15,000 ரூபாய். இந்த அபராதத்தை விதிப்பது கோர்ட். ரோட்டில் வைத்துத் தீர்க்கிற குற்றமல்ல இது. ஆகவே அங்கே கேட்கும் பணம் எதுவானாலும் லஞ்சம்தான்.

ஊத மறுக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். மறுக்காதீர்கள். சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி நியாயமான சந்தேகத்தின் பேரில் கேட்டால் ஊதத்தான் வேண்டும். மறுத்தால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம். கோர்ட்டிலும் அது உங்களுக்கு விரோதமாக நிற்கும். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவது அதைவிட மோசம். ஊதுங்கள். கருவி காட்டும் எண்ணைக் கண்ணால் பாருங்கள். சில இருமல் மருந்துகளிலும் மது உண்டு. சற்று முன் குடித்திருந்தால் அதைச் சொல்லி, வாய் கொப்பளித்துக் கால் மணி கழித்து ஊதுகிறேன் என்று கேளுங்கள். இது சட்டத்தில் எழுதிய உரிமையல்ல. ஆனால் கேட்பதில் தவறில்லை.

கைது செய்தால்? முதலில் மணியைப் பாருங்கள், தோழர்களே! கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற டாக்டரிடம் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. கேஸே போய்விட்டது என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் லாக்கப்பில் வைத்திருக்க முடியாது. ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊதவும் சந்தர்ப்பம் தர வேண்டும். நம் பெண் தோழர்களும் இப்போது ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். அவர்களிடம் ரத்தம் எடுப்பதானால் பெண் டாக்டர் எடுக்க வேண்டும், அல்லது ஒரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டும்; அவர் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இது ஜாமீன் தரக்கூடிய குற்றம். ஜாமீன் உங்கள் உரிமை, இன்ஸ்பெக்டரின் தயவல்ல. விபத்தில் உயிர் போயிருந்தால் வேறு பிரிவுகள் சேரும், கணக்கு மாறும். லைசென்ஸை எடுத்துக்கொண்டால் அத்தாட்சிச் சீட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்கிறீர்களா? 1987-ம் வருஷத்துச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், பெண்களுக்கும், காவலில் உள்ளவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. டெலிபோன் எண் 15100. சங்க ஆபீஸ் சுவரிலும் இந்த எண்ணை நாளைக்கே எழுதி வைக்கிறோம். அதற்கு முன் உங்கள் பையில் குறித்துக்கொள்ளுங்கள்.