ஏரணம் எழுதிய இலக்கணம்



1972ஆம் ஆண்டு பிரான்சின் துறைமுக நகராகிய மார்செய்யில் அலன் கொல்மெரோயரும் அவர்தம் குழுவினரும் ஒரு கணிப்பொறிக்குப் பிரெஞ்சு மொழியிலேயே சில செய்திகளைக் கூறினர். மனநல மருத்துவர் ஒவ்வொருவரும் மனிதரே. அவர் பகுத்தாயும் மனிதரெல்லாம் நோயாளிகள். ழாக் என்பவர் மார்செய்யில் உள்ள மனநல மருத்துவர். பின்பு வினவினர். ழாக் மனிதரா என்றதற்கு ஆம் என்றது. எங்குள்ளார் என்றதற்கு மார்செய்யில் என்றது. நோயாளியா என்றதற்குத் தெரியாது என்றது. தெரியாததைத் தெரியாதெனச் சொல்லும் பண்பு கற்றோரிடத்தும் அரிதன்றோ!

இவ்வுரையாடலின் பொருட்டுப் பிறந்ததே புரோலாக் என்னும் கணிப்பொறி மொழி. எடின்பரோவில் இருந்த இராபர்ட் கோவால்ஸ்கியின் ஏரண ஆய்வு அதற்குத் துணைநின்றது. பெரும்பாலான கணிப்பொறி மொழிகள் 'இதனைச் செய், பின் அதனைச் செய்' என ஏவுவன. புரோலாக்கோ 'இன்னது உண்மையாயின் இன்னதும் உண்மை' என்னும் கூற்றுகளால் ஆயது. 1980இல் பெரேராவும் வாரனும் எழுதிய கட்டுரை, இதனை இலக்கணம் எழுதும் முறையாகவே நிலைநாட்டியது.

ஒரு சொற்சரத்தின் முற்பகுதி பெயர்த்தொடராகவும் எஞ்சியது வினைத்தொடராகவும் இருப்பின் அது வாக்கியம் என்பது ஒரு விதி. பெயர்த்தொடர் விதி தனக்குரிய சொற்களை எடுத்துக்கொண்டு மீதியை வினைத்தொடர் விதியிடம் ஒப்படைக்கும். பந்தியில் வாளி கைமாறுவது போன்றது இது. பால் இயைபும் எளிதே. பிரெஞ்சில் நூல் ஆண்பால், மேசை பெண்பால். முன்வரும் சொல் நூலுக்கு 'லெ', மேசைக்கு 'லா'. இரண்டிடத்தும் பாலைக் குறிக்க ஒரே மாறியை இட்டால் போதும். பொருந்தாதது தானே விலகும். வியப்பு யாதெனின், வாக்கியத்தைப் பகுக்கும் அவ்விதிகளே வாக்கியத்தைப் படைக்கவும் வல்லன. (ஆயின் பெயர்த்தொடர் பெயர்த்தொடரிலேயே தொடங்கும் என எழுதிவிட்டால் பொறி முடிவின்றிச் சுழலும்.)

தமிழின் திணை, பால் இயைபும் இம்முறைக்கு இசைவதே. 'அவன் வந்தாள்' என்பதைப் பொறி மறுக்கும். தமிழிலக்கணமும் வழு என்னும். இடர் அடுத்த படியில் உள்ளது. ஒருவன் உவகை மிகுதியால் 'என் பசு வந்தாள்' என்கிறான். உவப்பினால் திணை மயங்குதல் இயல்பே எனப் பவணந்தியார் ஏற்பார். அவ்வுவப்பு சொற்சரத்துள் இல்லை. சொல்வோன் நெஞ்சில் உள்ளது. விதியைத் தளர்த்தினால் வெறும் பிழையும் உள்ளே நுழையும். தளர்த்தாவிடின் கவிதை வெளியே நிற்கும்.

சொல்வோனின் நிலையையும் விதியில் ஓர் உறுப்பாகச் சேர்ப்பது ஒரு வழி. அப்போது பொறி இரண்டு விடைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரும்: சொன்னவன் உவகையுற்றான், அல்லது பிழைபட்டான். அவ்விரண்டில் எது என்பதை அது தேர்ந்து சொல்லாது.