மாஸ்டர்ஜி செய்த கால்

கைவினை என்றதும் நமக்குச் சுவாமிமலைப் பஞ்சலோகச் சிலையும் தஞ்சாவூர்க் கலைத்தட்டும்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்தது ஒரு ரப்பர் பாதத்தைப் பற்றி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ரசிக்கிற அழகெல்லாம் அதில் இல்லை. ஆனாலும் நம் நாட்டுக் கைத்திறனின் உச்சங்களில் ஒன்றாகவே அதை மதிக்கிறேன்.

1960களின் பிற்பகுதி. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி.கே. சேத்தி, காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தி அனுப்புவார். அவர்களோ கொஞ்ச நாளில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் பழையபடி கோலூன்றி நடப்பார்கள். அது மேல்நாட்டு மாதிரிக் கால். மேலே பூட்ஸ் மாட்ட வேண்டும். அதோடு சேற்றில் இறங்க முடியாது, சம்மணம் போட முடியாது, குத்துக்காலிட்டு உட்காரவும் வராது. நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களுக்குச் செய்ததைத் தரையில் உட்காருகிறவருக்கு மாட்டினால் வேறென்ன ஆகும்?

அதே மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வந்தவர் பண்டிட் ராம் சந்திர சர்மா. கைவினைக் குடும்பத்தில் வந்த சிற்பி. பள்ளிப்படிப்பு சொற்பம்தான். எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்ஜி'. பாதம் எப்படி வளைகிறது, பாரம் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதை டாக்டர் விளக்க, பாதம் செய்யும் வேலையை மாஸ்டர்ஜியின் கை எடுத்துக்கொண்டது.

எதில் செய்வது என்பதில்தான் தடுமாற்றம். ஒருநாள் சைக்கிள் பஞ்சராகிக் கடையில் நின்றாராம் மாஸ்டர்ஜி. அங்கே தேய்ந்துபோன லாரி டயருக்குப் புது ரப்பர் வைத்துச் சூடேற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டயருக்கு ஆகிறது காலுக்கு ஆகாதா? ரப்பர் பாதம் அங்கே பிறந்தது என்பார்கள். யாருக்காக என்று தெரிந்ததும் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

முதலில் முழுக்க ரப்பரிலேயே செய்து பார்த்தார்கள். கனத்தது, சீக்கிரம் பிய்ந்தது. பிறகு வந்ததுதான் இன்றைய அமைப்பு. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் செருப்புக்குப் போடுகிற மாதிரி நுண்துளை ரப்பர். கணுக்காலுக்கு மரக்கட்டை. இவற்றை டயர் நூலோடும் ரப்பரோடும் சேர்த்துச் சுற்றி, மேலே தோல் நிற ரப்பர் போர்த்தி, அலுமினிய அச்சில் மூடி வேகவைக்கிறார்கள். அச்சைத் திறந்தால் விரல்களோடு முழுப் பாதம்! அது மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும்; வெறுங்காலாகவே வயலில் இறங்கலாம். பாதத்துக்கு மேலே வரும் கால் பகுதியை அலுமினியத் தகட்டில், ஆளுக்கு ஆள் அளவெடுத்து, தட்டித் தட்டி உருவாக்கினார்கள். பின்னாளில் அதற்குப் பிளாஸ்டிக் குழாய் வந்தது.

இந்தப் பாதத்தை மதிப்பிட ஆய்வுக்கூடம் வேண்டாம். திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தால் வலது காலை இழந்த சுதா சந்திரன், 'ஜெய்ப்பூர் கால்' என்று பெயர் பெற்ற இந்தக் காலோடு 1984இல் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். அவர் கதை 'மயூரி' என்று தெலுங்கில் படமானபோது அவரே நடித்தார். கல்லும் களிமண்ணும் பழகிய கைதான் தாளத்துக்கு ஈடுகொடுக்கும் இந்தப் பாதத்தை வடித்தது.

டாக்டர் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. தகும். ஆனால் மாஸ்டர்ஜியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் ஊர் வழக்கம் அப்படி: படித்தவர் பெயர் கல்வெட்டில் ஏறும், உளி பிடித்தவர் பெயர் பட்டறையோடு போகும். இருந்தும் இந்தக் காலுக்குக் காப்புரிமை கேட்டு யாரும் கதவைச் சாத்தவில்லை. விரும்பியவர் எவரும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு அமைப்பு, இந்தக் காலை இன்றும் இலவசமாகவே பொருத்தித் தருகிறது. வெளியூர்களில் முகாமும் நடத்துகிறார்கள். உங்கள் தெருவிலோ உறவிலோ கால் இழந்து வீட்டோடு முடங்கியவர் இருந்தால், இந்தச் செய்தியை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.