நாயின் பல்லும் நம் கவனமும்



விடியுமுன் நாம் பால்வெட்டுக்குப் புறப்பட்டபின் வீட்டு வாசலைக் காத்துக் கிடப்பது நாய். அது சில நாள்களாகச் சோற்றை முகர்ந்துவிட்டு விலகினால், "கிழடு தட்டிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். வாயைத் திறந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றின்மேல் கிருமிகள் நிறைந்த மெல்லிய படலம் நாள்தோறும் படிகிறது. துடைக்காது விட்டால், உமிழ்நீரிலுள்ள உப்புகள் சேர்ந்து சில நாள்களிலேயே காரைபோல் இறுகிவிடும். ஈறு சிவந்து வீங்கும். தொட்டால் குருதி கசியும். இந்நிலையில் கவனித்தால் ஈறு நலம் பெறும். பல்லைத் தாங்கும் எலும்பை நோய் அரித்தபின்போ, இழந்தது மீளாது; பல் ஆடி விழும். வாய் நாற்றம் நாயின் இயல்பு என எண்ணுவது பெருந்தவறு. பெரும்பாலும் அதுவே முதல் எச்சரிக்கை.

மென்மையான பல்துலக்கியோ, விரலில் சுற்றிய ஈரத்துணியோ போதும். உதட்டை உயர்த்தி, ஈறுகளை ஒட்டிப் பற்களின் வெளிப்புறத்தை நாள்தோறும் தேய்க்க வேண்டும். குட்டியிலேயே பழக்குவது எளிது. நமது பற்பசை வேண்டா. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சிலவற்றில் கலந்துள்ள சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு. எலும்பே பல்லைத் துலக்கும் என்பாரும் உளர். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து தொண்டையிற் குத்தும். கடினமானது பல்லையே பிளக்கும்.

இறுகிய காரையைக் கத்தியாற் சுரண்டாதீர்கள். வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலுள்ளதையும் அகற்றுவது கால்நடை மருத்துவரின் பணி. கட்டணத்தை முன்னரே கேட்டறிந்து செல்லுங்கள்.