சைக்கிளுக்கு இரண்டு பிரேக்



எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழிக் காலை. பாளையங்கோட்டையில் நான் சைக்கிளோடு ரோட்டில் கிடந்தேன். கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்த நாய்ச் சங்கிலி மட்டும் அவிழாமல் அப்படியே இருந்தது. அதன் மறுமுனையில் என் நாய் சிட்டு. ஒரு காம்பவுண்டுச் சுவரை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். சுவரின் மேல் ஒரு பூனை. பூனைக்கும் சேதமில்லை, சிட்டுவுக்கும் சேதமில்லை. எனக்குத்தான் முழங்காலில் தோல் வழன்றுவிட்டது. எதிர்த்த டீக்கடைக்காரர் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். வளைந்துபோன கைப்பிடியை நேராக்கிக்கொண்டே, "அண்ணாச்சி, சைக்கிளுக்கு ரெண்டு பிரேக் இருக்கு. நாய்க்கு எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

கேலிதான். ஆனாலும் பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

நாயை ஓடவிட்டுப் பக்கத்தில் சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ போகிறவர்களை இப்போது எல்லா ஊரிலும் விடிகாலையில் பார்க்கலாம். ஏன் இப்படிச் செய்கிறோம் என்றால், நம் கால் அதன் காலுக்கு ஈடுகொடுக்காது. நாம் சாதாரணமாக நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர். நாய்க்கு அது நடையே இல்லை. நம்மோடு வாக்கிங் வரும் நாய், கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் கிடைக்காத ஆள் மாதிரி முன்னும் பின்னுமாக அலைவது அதனால்தான். அதற்குப் பிடித்த நடை வேறு. நம் பேச்சில் 'ஓட்டமும் நடையுமாக' என்று சொல்கிறோமே, அதை மனிதன் அவசரத்துக்குச் செய்கிறான். நாய் இயல்பாகச் செய்கிறது. முன்னங்கால் இடதும் பின்னங்கால் வலதும் ஒன்றாக எழும். பிறகு மற்ற இரண்டும் ஒன்றாக எழும். முதுகு ஆடாது, தலை குதிக்காது. மூச்சு ஒரே சீராக இருக்கும். இந்த நடையில்தான் நாய் களைக்காமல் நெடுந்தூரம் போகும். நம் பக்கத்தில் அப்படிப் போக வைக்க வேண்டுமானால் நமக்குச் சக்கரம் வேண்டும்.

சிக்கலும் சக்கரத்தில்தான். சைக்கிள் மிதிக்கிறவனுக்கு ஐந்து கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல. ஸ்கூட்டர்காரருக்கு அதுகூட இல்லை, மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும். களைப்பு முழுவதும் ஒரு பக்கம், ஓய்வு முழுவதும் மறு பக்கம். அதோடு, களைத்த நாய் நம்மிடம் வந்து சொல்லாது. நாம் போகிற வரைக்கும் அதுவும் வரும். 'பாருங்க, இன்னும் ஓடுதே' என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஓடுவது தெம்பினால் அல்ல. நாம் விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்கிற பயத்தினால் இருக்கலாம்.

இந்த விஷயத்தைச் சட்டம்போட்டு ஒழுங்காகச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899-இல் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அந்த நாய் அடிப்படையில் ஆட்டுக்கார நாய். வேலி இல்லாத மேய்ச்சல் நிலத்தில், பயிருக்கும் மந்தைக்கும் நடுவே பகல் முழுக்க ஓட்டமும் நடையுமாகப் போய்வந்து தானே வேலியாக நின்ற நாய். அழகு பார்த்து வளர்த்தால் அந்தத் திராணி போய்விடும் என்பது அவருடைய கவலை. அந்த மரபில் வந்ததுதான் இன்றைக்கும் நடக்கும் தாங்குதிறன் தேர்வு. நாய் சைக்கிளுக்குப் பக்கத்தில் 20 கிலோமீட்டர் ஓட வேண்டும். வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர். எட்டாவது கிலோமீட்டரில் 15 நிமிடம் நிறுத்துவார்கள். அடுத்த ஏழு முடிந்ததும் 20 நிமிடம். ஒவ்வொரு தடவையும் நடுவர் நாயின் பாதத்தைத் தூக்கிப் பார்ப்பார், தோல் தேய்ந்திருக்கிறதா, களைப்புத் தெரிகிறதா என்று. 16 மாதம் நிரம்பாத நாய்க்கு அனுமதி கிடையாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதைக் கேட்டால் நமக்குப் பெருமூச்சு வரும். வெப்பம் 22 டிகிரியைத் தாண்டக் கூடாது. 22 டிகிரி! நமக்கு அது கொடைக்கானல். திருநெல்வேலியில் தை மாசத்து விடிகாலையில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும்.

ஜெர்மனியின் சாலை விதியிலும் இதைப்பற்றி இரண்டே வரி இருக்கிறது. மோட்டார் வாகனத்திலிருந்து எந்த விலங்கையும் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. சைக்கிளிலிருந்து நாயை மட்டும் கொண்டுபோகலாம். எனக்கு இந்த வேறுபாடு மிகவும் பிடித்திருக்கிறது. சைக்கிள்காரன் கொஞ்சமாவது மூச்சு வாங்குவான். எஞ்சினுக்கு மூச்சே கிடையாது.

நம் நாட்டுச் சட்டம் மட்டும் சளைத்ததா? 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். விலங்கை அளவுக்கு மீறி ஓட்டி வதைப்பது குற்றம் என்று அதில் இருக்கிறது. அதே பிரிவில், எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைத் தேவையான அளவு நடமாட விடாமல் இருப்பதும் குற்றம் என்று இருக்கிறது. கூடுதலாக ஓட்டினாலும் தப்பு, ஓட்டாமலே விட்டாலும் தப்பு. மாடிப்படிக்குக் கீழே இரண்டு முழச் சங்கிலியில் வருஷக்கணக்காக நாயைக் கட்டிவைத்திருக்கும் எத்தனையோ வீட்டுக்காரர்கள் தாங்கள் சட்டத்தை மீறுகிறோம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இன்றைக்கு ஒரு டீயும் ஒரு வடையும் வாங்குகிற காசு.

வெயில் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், நேயர்களே. நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் வேர்க்கும். அதனால் பெரிய பயன் இல்லை. சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கும் முக்கியமான வழி மூச்சிரைப்பு. நாக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரம் காற்றில் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்றே ஈரமாக இருந்தால்? ஆவியாவது குறைந்துவிடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காலை ஆறு மணிக்கு நம் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறதே, அந்தப் பொழுதில் நாயின் நாக்கும் வேலை செய்யாமல் திணறும். வெயில் ஏறவில்லையே என்று நாம் நினைப்போம். நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 38, 39 டிகிரிதான். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நடுவில் இருப்பது இரண்டே டிகிரி.

பார்த்துக் கண்டுபிடிக்க முடியும். நாக்கின் நுனி அகன்று, கரண்டி மாதிரி குழிந்து தொங்கினால் வேகத்தைக் குறையுங்கள். காது பின்னால் சாய்ந்து, பார்வை ரோட்டில் மட்டும் குத்தி நின்றால் நிறுத்துங்கள். எல்லாவற்றையும்விடச் சுலபமான அடையாளம் சங்கிலி. அது தொய்வாகத் தொங்க வேண்டும். பின்பக்கமாக விறைத்துவிட்டதென்றால் நாய் ஓடவில்லை, நீங்கள் இழுத்துக்கொண்டு போகிறீர்கள். தள்ளாடினாலோ எச்சில் கெட்டியாக வழிந்தாலோ, நிழலில் போட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டபடியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். 'கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்' என்று உட்காரக் கூடாது.

தார் ரோட்டுக்கு ஒரு சோதனை உண்டு. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். வைத்திருக்க முடியவில்லையா, நாயும் ஓட முடியாது. நமக்குச் செருப்பு இருப்பதால் இது தோன்றுவதே இல்லை.

சரி, நான் விழுந்ததற்கு வருகிறேன். தப்பு முழுக்க நான் சங்கிலியைக் கட்டிய இடத்தில். கைப்பிடியில் கட்டினால் நாய் இழுத்ததும் முன்சக்கரம் அந்தப் பக்கம் திரும்பும். நம் உடம்பு வந்த திசையிலேயே போகும். பிறகு தரைதான். அதையே ஸீட்டுக்குக் கீழே, தாழ்வாகக் கட்டினால் இழுப்பு நம் உடல் பாரத்துக்கு நேராக வந்து சேரும், சக்கரம் திரும்பாது. கையில் சுற்றிக்கொள்வது இன்னும் மோசம், விழும்போது விடவும் முடியாது. வெளிநாடுகளில் இதற்கென்றே ஸ்பிரிங் வைத்த கம்பி விற்கிறார்கள். ஸீட்டுத் தண்டில் மாட்டினால் நாய் பெடலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் தள்ளியே ஓடும்; திடீரென்று இழுத்தால் ஸ்பிரிங் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். என்னுடையதை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தேன். அரையங்குலக் குழாய், பழைய சைக்கிள் ஸீட்டின் ஸ்பிரிங். பார்க்க விகாரமாக இருக்கும். ஆறு வருஷம் உழைத்தது.

சங்கிலியின் மறுமுனை கழுத்துப்பட்டையில் இருக்கக் கூடாது. ஓடுகிற நாயின் மூச்சுக்குழலை நெரிப்பதல்லாமல் அது வேறென்ன? நெஞ்சைச் சுற்றி வரும் மார்ப்பட்டை வேண்டும். ஜெர்மன் தேர்வில் நாய் சைக்கிளுக்கு வலது பக்கம் ஓடும்; அங்கே வண்டிகள் வலது ஓரமாகப் போகிற நாடு. நமக்கு இடது பக்கம். எப்படியானாலும் லாரிக்கும் நாய்க்கும் நடுவில் நாம் இருக்க வேண்டும்.

சக்கரக் காலணி கட்டிக்கொண்டு நாயை இழுக்கவிடுவது பற்றி ஒரு வார்த்தை. நார்வேக்காரர்கள் பனிச்சறுக்குப் பலகையில் நின்று நாயை இழுக்கவிடுவார்கள். 1928-இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் குளிர்கால ஒலிம்பிக்கில், நாய்க்குப் பதில் குதிரையைப் பூட்டி இதைக் காட்சிப் போட்டியாகவே நடத்தினார்கள். ஆனால் அவர்கள் விழுவது பனியில். நாம் விழுவது ஜல்லியில். அவ்வளவுதான் சொல்வேன்.

டீக்கடைக்காரரின் கேள்விக்கு வருவோம். நாய்க்கு பிரேக் எங்கே? இரண்டு சொல்லில் இருக்கிறது. ஒன்று 'நில்லு', இன்னொன்று 'விடு'. பனிவண்டி ஓட்டும் நாடுகளில் நாய்க்கு வலது, இடது என்பதற்குத் தனித்தனிச் சொல் உண்டு. அங்கே ஏர்மாட்டுக்கும் வண்டிக் குதிரைக்கும் சொன்ன அதே சொற்கள்தான் நாய்க்கும் வந்து சேர்ந்தன. நம்மூரிலோ வண்டிமாட்டோடு தமிழில் பேசுகிறவர் நாயைப் பார்த்ததும் 'சிட்', 'கம்' என்று இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறார். ஏன் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. சிட்டுவுக்கு நான் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தேன். முதல் ஒரு மாசம் சைக்கிளில் ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டே நடந்தேன். கோழியைப் பார்த்தால் 'விடு', ஆட்டைப் பார்த்தால் 'விடு'. சொன்னதைக் கேட்டால் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு கருவாடு. என் சட்டைப்பை நாறியதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு வானொலிக்கு ஏற்றதல்ல.

தெருநாய்கள்? தெருவுக்குத் தெரு எல்லைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வேகமாகக் கடந்துவிடலாம் என்று மிதித்தால் துரத்தத்தான் செய்வார்கள்; ஓடுகிறதைத் துரத்துவது அவர்களின் பிறவிக் குணம். இறங்கி, சைக்கிளை நடுவில் விட்டு, தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைப்போடு முடிந்துவிடும். வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயை வெளியே கூட்டிவரவே வேண்டாம்.

எல்லா நாய்க்கும் இது ஆகாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு விடுவதே ஒரு வேலை. அதைச் சைக்கிளோடு ஓடவிடுவது கொலைக்குச் சமம். குட்டி நாய்க்கு எலும்பு முனைகள் இன்னும் முற்றியிருக்காது, பெரிய சாதி என்றால் ஒன்றரை வயது வரைகூடக் காத்திருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு ஓடினால் நெஞ்சு அகன்ற நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஹஸ்கி ஓட்டக்காரன்தான், அலாஸ்காவில் 1,600 கிலோமீட்டர் பந்தயம் ஓடுகிற சாதி. ஆனால் அது ஓடுவது உறைபனியில். அதைச் சித்திரை மாசத்தில் அண்ணாநகரில் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை.

நம் சிப்பிப்பாறையும் கன்னியும் வேறு மாதிரி. நெடுந்தூரக்காரர்கள் அல்ல, பாய்ச்சல்காரர்கள். முயலுக்குப் பின்னால் ஓடப் பிறந்த உடம்பு. முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம், ஆனால் கண்ணில் ஒன்று அசைந்தால் கால் கிளம்பும் அந்தக் குணம் போகவில்லை. முயல் துரத்தல் சில நிமிடத்தில் முடிந்துபோகும் காரியம். ஆகவே ஜெர்மன் நாயின் 20 கிலோமீட்டரை இவற்றின் மேல் திணிக்கக் கூடாது. சிட்டு சிப்பிப்பாறைக் கலப்பு. நல்ல நாளிலேயே அவனுக்கு நாலு கிலோமீட்டர். அதிலும் பாதியில் வேலி அடைத்த ஒரு வயலில் அவிழ்த்துவிட்டால் நாலு சுற்றுப் பாய்ந்துவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

இப்போது அவனுக்கு ஒன்பது வயது. மோவாய் நரைத்துவிட்டது. போன வருஷம் ஒருநாள், மண்பாதையில் போகும்போது சங்கிலி பின்பக்கமாக விறைத்தது. இறங்கிப் பார்த்தேன். நாக்கு அகலவில்லை, மூச்சு சரியாகத்தான் இருந்தது. பின்னங்காலைத்தான் மெல்ல வைத்தான். அன்றோடு கம்பியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

சைக்கிள் இன்னும் வருகிறது. காற்றடிக்கிற சத்தம் கேட்டதும் வாசலுக்கு வந்து நிற்கிறானே, அதற்காக. பாளையங்கால்வாய் வரைக்கும் நான் அதைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். தண்ணீர் விட்டிருந்தால் சிட்டு வயிறு நனைகிற ஆழம்வரை இறங்கி, அசையாமல் நிற்பான். எதிர்க்கரையில் கொக்கு நடந்துபோகும். பார்ப்பான். நான் ஒன்றும் சொல்வதில்லை.